தனபால் ஒரு தடவைதான் சொன்னார்

மழை வரும் என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஏரியும் இன்று என் பொறுப்பில் இல்லை. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் செல்பேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போகிறேன். தகரக் கூரையில் நாலு தூறல் விழுந்தால் எழுந்துபோய் வாசலில் நிற்கிறேன். "உங்க ஏரியெல்லாம் இப்ப வேற ஆளு பாத்துக்குறாங்க, உள்ள வாங்க" என்பாள் என் மனைவி. அந்த வேறு ஆள் நீங்கள்தான்.

மழைக்காலத்துக்கு முன், ஏரிப் பொறுப்பு ஏற்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். கரையைப் பலப்படுத்துவது, மதகைச் சரிபார்ப்பது, மணல் மூட்டை இருப்பு வைப்பது என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். அவை உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தன. ஒரு மனிதர் செத்துப்போன அன்றும் அவை எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தன. அன்று எனக்கு அறிவு குறைவாக இல்லை. கோபம் அதிகமாக இருந்தது. அதனால் கோபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கோபத்தை நான் எங்கே கற்றேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். பேர்போன கோபக்காரர். அவர் ஜீப் வருகிறது என்றால் ஒப்பந்தக்காரர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். பாலாற்றுப் பக்கம் ஒரு கால்வாய்க் கரையில் களிமண் கொட்ட வேண்டிய இடத்தில் மணலைக் கொட்டி மேலே புல் பதித்திருந்தார்கள். அவர் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு அவர் கத்திய கத்தலில் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாளே கொட்டியது முழுவதும் வாரப்பட்டுப் புது மண் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோபப்பட்டால்தான் வேலை நடக்கிறது, கோபம் வந்தால் மனிதனுக்குக் கண் கூர்மையாகிறது என்று மனத்தில் எழுதிக்கொண்டேன். பணிக்காலம் முழுவதும் அதை நம்பினேன்.

என் பொறுப்பில் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்து ஏரிகள் சில இருந்தன. அவற்றில் ஒன்று சாலவாக்கம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். நீளமான கரை. ஒரு கோடியில் கலங்கல், மறு கோடியில் இரண்டாவது மதகு. வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரி நிரம்பினால் உபரி நீர் தானாக வழிந்து போகக் கட்டிய கல் தடுப்புதான் கலங்கல். மதகு, வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். அந்த இரண்டாவது மதகுக்குக் கீழே, கரையின் காலடியில், இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. சின்னச் சின்ன வீடுகள், வேலியோரம் ஆட்டுப் பட்டி. அங்கிருந்து பார்த்தால் கரை ஒரு மதில் போலத் தெரியும். அந்த மதிலுக்கு அப்பால் தண்ணீர் அவர்கள் கூரையைவிட உயரத்தில் நிற்கும்.

இந்தப் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. மழை ஓயும் சமயத்தில் கலங்கல் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி வைப்பார்கள். வழிந்து போகும் தண்ணீர் ஒரு முழம் கூடுதலாக நிற்கும். அந்த ஒரு முழம்தான் மழைக்குப் பின் நடும் நவரை நெல் கடைசித் தண்ணீருக்குத் தவிக்காமல் காப்பாற்றும். சட்டப்படி தவறு. ஆனாலும் நாங்கள் கண்டும் காணாமல் இருப்போம். நானே பல வருடம் அந்த மூட்டைகள்மேல் உட்கார்ந்து அவர்கள் வாங்கித் தந்த டீயைக் குடித்திருக்கிறேன். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்த வருடம் மழை ஓயவில்லை. ஏரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இன்னொரு புயல் என்றார்கள். மூட்டைகளை எடுங்கள் என்று போய்ச் சொன்னேன். எடுத்தார்கள். நான் திரும்பியதும் மறுபடி வைத்தார்கள். இன்னொரு தடவை போனேன். மறுபடி எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். புயல் எச்சரிக்கை வந்த மறுநாள் காலை, கொட்டும் மழையில் ஜீப்பில் போய் இறங்கினால், மூட்டை வரிசை முன்னைவிட ஒரு அடுக்கு உயர்ந்திருந்தது. மேலே பச்சைத் தார்ப்பாய் வேறு போர்த்தியிருந்தார்கள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் தலையில் உரச் சாக்கை மாட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல நின்றார்கள்.

"யாருய்யா இதை வெச்சது?"

ஓரத்தில் நின்ற ஒருவர், "தெர்லீங்க சார். பொயல் காத்துல அடிச்சிக்கினு வந்திருக்கும்" என்றார்.

"மணல் மூட்டை காத்துல வருமா?"

"பெரிய காத்து சார்."

"தார்ப்பாயி?"

"அது அடுத்த காத்துல வந்துச்சு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வந்த டிரைவரும் சிரித்தார். இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று என் காது மடல் சுட்டது.

அந்த நேரத்தில்தான் தனபால் வந்தார். ஐம்பது வயதுக்காரர், அந்த ஏரித் தண்ணீரில் பயிரிடும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கெல்லாம் அவர்தான் வாய். மூட்டை வைக்கிற வேலைக்கும் அவர்தான் தலை என்று எனக்குத் தெரியும். டிவிஎஸ் வண்டியைச் சேற்றில் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

"சார், மூட்ட கெடக்கட்டும் சார். ரெண்டாவது மதகாண்ட கரைக்கு அடியில தண்ணி வருது. சேறா வருது. ஒரு எட்டு வந்து பாத்துடுங்க."

இந்தச் சில வார்த்தைகளில் எல்லாம் இருந்தது. மண்கரை என்றால் கசிவு இருக்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. மண் கலந்து வந்தால் கரை உள்ளுக்குள் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். நம் வேலையில் முதல் வாரத்தில் கற்றுத்தரும் பாடம். "சேறா வருது" என்ற சொல் காதில் விழுந்த கணமே நான் ஜீப்பில் ஏறியிருக்க வேண்டும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நான் அந்தக் கோடிக்குப் போனதும் இங்க இன்னும் ரெண்டு அடுக்கு ஏத்தலாம்னு பாக்குறியா? திருட்டுப் பயலே. திருட்டுத்தனமும் பண்ணிட்டு, எங்க போகணும்னு எனக்கே வழி காட்டுறியா?"

வயதில் என்னைவிட அதிகம் இளையவரும் அல்ல. அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் அழைத்து வந்தேன்.

அந்தக் கணத்தில் என் மனம் குழம்பியிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில் புத்தி மங்கும் என்று சொல்வார்கள். எனக்கு மங்கவில்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மூட்டை வைத்தவன் இவன். மாட்டிக்கொண்டான். என்னை அப்புறப்படுத்தப் பொய் சொல்கிறான். ஒவ்வொன்றும் அடுத்ததோடு பொருந்தியது. இடைவெளியே இல்லை. அவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் நான் யோசித்ததே இல்லை. அந்தத் தெளிவைக் கண்டுதான் இன்று பயப்படுகிறேன். என் கோபத்தில் பாதி நியாயமும் இருந்தது. மூட்டை வைத்தது தவறுதான், வைத்தது அவர்தான். பாதி சரியாக இருந்ததால் மீதியையும் சரி என்று நம்பிவிட்டேன்.

"நீ வெச்ச மூட்டைய நீயே எடு. நான் நின்னு பாக்குறேன்" என்றேன்.

தனபால் என்னைப் பார்த்தார். மதகு இருந்த திசையைப் பார்த்தார். மழையில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. பிறகு குனிந்து முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். அதற்குப் பிறகு ஒரு சொல்கூடப் பேசவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் எங்கள் ஏரிக் காவலரிடமிருந்து, லஸ்கர் என்போமே, அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மதகுச் சுவருக்குப் பக்கத்தில் பழுப்பாகத் தண்ணீர் கொப்பளித்தது. உடனே அவரே அழைத்தார்.

"சார், பாத்தீங்களா சார்?"

"இது எந்த வருஷத்து வீடியோ?"

"இப்ப எடுத்தது சார். நான் இங்கதான் நின்னுக்கினு கீறேன்."

"தனபால் அனுப்பச் சொன்னானா? உன்னையும் சேத்துக்கிட்டாங்களா?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். இணைப்பைத் துண்டித்தேன். கோபம் ஒரு ஆளோடு நிற்பதில்லை. அந்த ஆள் சொன்னதையே சொல்லும் எல்லோரையும் அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஒரே செய்தி இரண்டு பேரிடமிருந்து வந்தால் உறுதியாகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது இரண்டு பேர் சேர்ந்து செய்த சதியாகத் தெரிந்தது.

மூட்டை எடுப்பது மெதுவாக நடந்தது. பொறுக்கவில்லை. சுற்றுப்புறத்துக்கென்று தயாராக நிறுத்தியிருந்த ஒரே ஜேசிபியைக் கலங்கலுக்கு வரச் சொன்னேன். அது கரைமேலேயே வந்தது. பாதி வழி தாண்டியதும் ஊறிப்போன கரையில் ஒரு சக்கரம் இறங்கி, அப்படியே சாய்ந்து நின்றுவிட்டது. அதற்கும் ஜேசிபி டிரைவரைத் திட்டினேன். ஒரு வழியாக ஆள் சுமந்தே மூட்டைகள் எல்லாம் போயின. கலங்கல்மேல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஜெயித்த மாதிரி இருந்தது. ஜீப்பில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தேன். அந்த டீயின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, அந்த மதகையும் பார்த்து, இவர்கள் சொன்னது பொய் என்று காட்டிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். கரையில் ஜேசிபி வழியை அடைத்து நின்றதால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

மதகுச் சுவரை ஒட்டி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து செக்கச் சிவந்த சேறு குதித்துக்கொண்டிருந்தது. கரைமேல் ஏறி உள்பக்கம் பார்த்தேன். தண்ணீரில் ஒரு சுழல், ஒரு வட்டில் அகலம், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. லஸ்கர் தனியாக வைக்கோலை முறுக்கி முறுக்கி அதற்குள் திணித்துக்கொண்டிருந்தார். திணித்த வைக்கோல் மறுபக்கம் வழியே வெளியே வந்தது. அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்கினார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. காலையிலேயே வந்திருந்தால் மூட்டையும் களிமண்ணும் ஜேசிபியும் வைத்து அதை அடைத்திருக்கலாம். அடைக்க முடியாமல் போயிருந்தாலும் கீழே இருந்தவர்களை நிதானமாக வெளியேற்றியிருக்கலாம். இப்போது இரண்டுக்கும் நேரமில்லை.

குடியிருப்புக்குள் ஓடினேன். "எல்லாரும் உடனே கிளம்புங்க! கரை உடையப் போகுது! ஸ்கூலுக்குப் போங்க!" என்று கத்தினேன்.

முதல் வீட்டு வாசலில் பச்சையம்மா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். செங்கல் சூளைக்கும் கழனி வேலைக்கும் போகிறவர். அவர் கணவர் ஏழுமலை பட்டியில் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"போன மயைக்கும் ஸ்கூலாண்டதான் போவச் சொன்னீங்கோ" என்றார் பச்சையம்மா. "வெளிய வராண்டாவுலயே குந்தவெச்சாங்கோ. உள்ள வுடல. ஆடுங்கள ஓட்டிக்கினு வந்தா தொரத்தி அடிச்சாங்கோ. இப்ப மட்டும் உள்ள வுடுவாங்களா? சொல்லு சார்."

நியாயமான கேள்வி. அதற்கு நான் ஒரு பதில் சொல்லியிருந்தால் போதும். "நான் வந்து கதவைத் திறந்து விடுறேன், வாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். பயம் மறுபடி கோபமாக மாறி வாயில் வந்தது.

"பேசுற நேரமா இது? சாகணும்னா இருந்து சாவுங்க!"

"அப்டியா சார்?" என்றார். அவ்வளவுதான். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். பக்கத்து வீட்டு வாசல்களில் நின்றவர்களும் நகரவில்லை.

அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. தனபால். தோளெல்லாம் மூட்டை ஏற்றிய சேறு. டிரெய்லரைக் குடியிருப்புக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பச்சையம்மா! இன்னா உள்ள போயி குந்திக்கினு கீற? என் வூட்டுக்கு வா. நடு வூட்ல குந்து, எவன் கேக்கறான்னு பாக்கலாம். புள்ளைங்கள தூக்குங்கப்பா! உம், ஏறு ஏறு!"

ஏறினார்கள். குழந்தைகள், வயதானவர்கள், பச்சையம்மாவும் அவர் மகளும். டிரெய்லரில் ஆடுகளுக்கு இடமில்லை. "நீங்க போங்க, ஆடுங்கள வரப்பு மேல ஓட்டிக்கினு வந்துர்றேன்" என்றார் ஏழுமலை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "இதோ சார், கவுத்த அவுத்துட்டு வந்துர்றேன்" என்று கையை விடுவித்துக்கொண்டார். ஆடுகள்தான் அவர்களிடம் இருந்த எல்லாம்.

டிராக்டர் ரோட்டில் ஏறிய பிறகு கரை உடைந்தது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

ஆடுகளில் பாதி தாமாக நீந்தி மேட்டில் ஏறிக்கொண்டன. ஏழுமலையை மறுநாள் கழனி வேலியில் கண்டெடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. கரை ஏன் உடைந்தது என்று கேட்டார்கள். கலங்கலில் சட்டவிரோதமாக மூட்டை அடுக்கியதால் நீர்மட்டம் உயர்ந்து, மதகுப் பக்கம் அழுத்தம் கூடியது என்றேன். உண்மைதான். யார் அடுக்கியது என்று கேட்டார்கள். சொன்னேன். அதுவும் உண்மை. தகவல் உங்களுக்கு எப்போது கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. தனபால்மேல் வழக்கு. அவர் கோர்ட்டுக்கு நடந்தார். நான் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பழைய மேலதிகாரியைப் பற்றி ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் கரைமேல் நடந்தார் என்று சொன்னேன் அல்லவா? நடக்கும்போது ஒரு இடத்தில் குதிகாலால் புல்லை அழுத்திப் பெயர்த்தார். குனிந்து கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்தார். விரலைத் திறந்ததும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் பிறகுதான் கத்தினார். நான் கத்தலை மட்டும் கற்றுக்கொண்டேன். குனிந்ததைக் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டு மழைக்காலம் தூங்காமல் கழிந்தது. பிறகு ஒரு நாள் தனபால் வீட்டுக்குப் போனேன். துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நான் நம்பியிருக்கணும்" என்றேன்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அத்த வுடுங்க சார். நானும் ஒண்ணு சொல்லணும். சொல்ல ஆளில்லாம வெச்சிக்கினு கீறேன்."

"சொல்லுங்க."

"என்னைய திருட்டுப் பயலேன்னீங்க. அத்தினி பேரு எதுர்ல. என் மாப்ள வேற நின்னுக்கினு இருந்தான். நான் மூட்ட வெச்சது தப்புதான். ஆனா அப்ப எனக்கு இன்னா தோணிச்சு தெரியுமா? இந்தாளே போயி பாக்கட்டும், பாத்து வயித்துல அடிச்சிக்கட்டும்னு தோணிச்சு. மூட்ட தூக்கற அத்தினி நேரமும் மதகு நெனப்புதான். இன்னொரு தபா சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சொன்னா இந்தாளுக்கு அடங்கிப் போன மாதிரி ஆயிடும்னு சொல்லல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு தபாதான் சொன்னேன் சார். ரெண்டாவது தபா சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களோ இன்னாவோ."

என் கோபம் என் கண்ணை மட்டும் மறைத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது அவர் வாயையும் அடைத்திருந்தது. ஒரே கலங்கலில் கோபமாக இரண்டு பேர் நின்றிருந்தோம். ஒருவன் கேட்கவில்லை, ஒருவர் சொல்லவில்லை. ஏழுமலை அந்தக் கோடியில் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

தனபாலின் வக்கீலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சாட்சி சொல்லவும் தயார் என்றேன். "இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

உங்களுக்கு ஒரே ஒரு யோசனை சொல்ல அனுமதி உண்டென்றால் இதைச் சொல்வேன். கோபப்படாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்த வேலையில் கோபம் வரும். வராவிட்டால் நீங்கள் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆனால் எந்த ஆள்மேல் கோபமோ அந்த ஆள் ஏதாவது சொன்னால், அவரிடமே, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். அதைக் கேட்க நாலு நொடி ஆகும். அவர் சொல்வதற்கு இன்னும் நாலு நொடி. அவர் பொய்யராகவே இருக்கட்டும். ஏரிக்கு அது தெரியாது.

பச்சையம்மாவிடம் போவதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. போன மாதம் போனேன். இப்போது மேட்டில் புது வீடுகள் கட்டித் தந்திருக்கிறார்கள். வானம் மூட்டமாக இருந்தது. வாசலில் இரண்டு ஆடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வயி தெரிஞ்சிதா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, தனபால் வந்து சொன்னது, நான் திட்டியது, வீடியோ, டீ. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"தனபாலு வந்து சொன்னப்ப எந்நேரம் இருக்கும்?"

"காலை. நாஷ்டா நேரம்."

"நீ மதகாண்ட வந்தது?"

"பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு."

"வீடியோ வந்துச்சுன்னியே. அத்தயும் நம்பலியா?"

"நம்பல."

"ஏன்?"

"கோபம்."

"கோவம் யாரு மேல? எங்க மேலயா?"

"இல்லம்மா. தனபால் மேல."

ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். "நாஷ்டா நேரத்துக்கே சொல்லியிருந்தீனா, எங்க வூட்டுக்காரு மொதல்ல ஆடுங்கள ஓட்டிக்கினு போயி வுட்டுட்டு வந்திருப்பாரு. அப்பறம் எங்கள இட்டுக்கினு போயிருப்பாரு. கவுறு அவுக்கற வேலையே கெடையாது." குரல் உயர்ந்தது. "எங்க மேல கோவங்கூட இல்ல ஒனக்கு. செத்தது மட்டும் எங்க வூட்டு ஆளு."

அவருக்கும் கோபம்தான். என்னுடையதைவிடப் பெரிய கோபம். ஆனால் அது கேள்வி கேட்டது, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தது. என் கோபம் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கலங்கலுக்கு வந்தது.

நான் எழுந்தேன்.

"இரு, போவாத" என்றார். "எம்பொண்ணு கம்பெனி வேன்ல வந்துருவா. அவ வந்தப்பறம் இன்னொரு தபா சொல்லு."

உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் வேன் வந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக ஒரு பெண் இறங்கி வந்தாள். ஏழுமலையின் நெற்றி அப்படியே இருந்தது.

"யாரும்மா இவரு?"

"ஏரி ஆபீசரு. உங்கப்பா எப்டி செத்தாருன்னு சொல்ல வந்துக்கீறாரு. குந்து." பிறகு என்னைப் பார்த்தார். "மொதல்லருந்து சொல்லு சார்."

"அன்னைக்குக் காலையில தனபால் என்கிட்ட வந்து ஒண்ணு சொன்னார்" என்று தொடங்கினேன். தூற ஆரம்பித்திருந்தது. மூன்று பேரில் ஒருவரும் எழுந்து உள்ளே போகவில்லை.